ஜன்னலில் கடல் இல்லை

அட்மிஷன் கடிதத்தில்
கன்னியாகுமரி மாவட்டம் என்று இருந்ததால்
விடுதி ஜன்னலைத் திறந்தால் கடல் என்று
அம்மா முடிவு செய்துவிட்டாள்.
அரூரிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

நாகர்கோவிலில் நான் திறந்த ஜன்னலில்
மெஸ்ஸின் பின்புறம்,
கரிபிடித்த அண்டா, ஒரு அயனிமரம்,
மூன்று நாளாகக் காயாத நைட்டிகள்.
கடல் பத்து கிலோமீட்டர் தள்ளி
வேறு யாருடைய ஜன்னலிலோ இருந்தது.

“அலைச் சத்தம் கேக்குதா?” என்றாள் முதல் வாரம்.
தலைக்கு மேல் ஃபேன்
ஒரு இறக்கை வளைந்து இரைந்துகொண்டிருந்தது.
போனை அதற்கு நேரே தூக்கிப் பிடித்தேன்.
“அடேயப்பா, எவ்ளோ கிட்டக்க!”
அன்றிலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு
அவளுக்குக் கடல் வேண்டும்.
நான் ஃபேனைப் போடுவேன்.

இங்கே பேசுவதும் தமிழ்தான்.
“தாக்கோல் எங்க?” என்று விஜிலா கேட்டபோது
எந்தக் கோல் என்று கட்டிலடியில் குனிந்தேன்.
சாவி என் கையிலேயே இருந்தது.
“கொஞ்சம் வெள்ளம் தா” என்றாள் பெனிஷா.
எங்கள் பக்கம் வெள்ளம் வந்தால்
கூடவே தாசில்தாரும் வருவார்.

சோறு தடித்த சம்பா,
ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தொண்டையில் இறங்கும்.
வெள்ளிக்கிழமை மரச்சீனியும் சாளைக்குழம்பும்.
மற்றவர்கள் முள்ளை எப்படி ஒதுக்குகிறார்கள் என்று
பார்த்துப் பார்த்துத் தின்றதில்
தட்டு மீதியாகவே கழுவப் போனது.

சேர்ந்தபோது ஒரு மழை.
அது ஓயுமுன் எதிர்த்திசையிலிருந்து இன்னொன்று.
ரெக்கார்டு நோட்டில் வரைந்த சர்க்யூட்
ஊறி, மையாக வழிந்தது.
கணக்கு சார் பலகை நிறைய எழுதி
‘ட்ரிவியல்’ என்று சொல்லிவிட்டு அழித்தார்.
அந்தச் சொல்லை ஓரத்தில் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு
ராத்திரி தேடினேன்.
அற்பம், என்றிருந்தது.

விஜிலாவுக்கு அலாரம் கிடையாது.
பேச்சிப்பாறையில் ரப்பர் வெட்டப் போகும் அப்பாவுக்கு
டார்ச் பிடித்துப் பழகிய கண்
நாலு மணிக்குத் தானாகத் திறக்கும்.
போன் வெளிச்சத்தில் அவள் வகைநுண்கணிதம் போட,
அதில் கொஞ்சம் என் கட்டிலுக்கும் வரும்.
ஒருநாள் நானும் எழுந்து உட்கார்ந்தேன்.
பிறகு தினமும்.
பேசிக்கொண்டதில்லை.

இருந்தும் கணக்கில் இருபத்தொன்று.
நூற்றுக்கு.

ரிசல்ட் வந்த சனிக்கிழமை
யாரிடமும் சொல்லாமல் சங்குத்துறை பஸ் ஏறினேன்.
கடலைப் பார்த்ததும் எதுவும் தோன்றவில்லை.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.
ஒருவர் வலையிலிருந்து நண்டைப் பிய்த்து
ஒவ்வொரு நண்டையும் திட்டிக்கொண்டிருந்தார்.
ஒரு அலை முட்டிவரை வந்து
சுடிதாரைக் கனமாக்கிவிட்டுப் போனது.

மார்க்கைச் சொல்லத்தான் அம்மாவை அழைத்தேன்.
வாய் வரவில்லை.
போனைக் கடலுக்கு நேரே நீட்டினேன்.

“என்னாடி, இன்னிக்கி சத்தமே சரியில்ல?
விட்டு விட்டு வருது. லைனு கோளாறா?”

சிரித்தேன்.
நண்டுக்காரர் திட்டுவதை நிறுத்திப் பார்க்கும்வரை சிரித்தேன்.
“கணக்குல போயிடுச்சும்மா.”
கொஞ்ச நேரம் அலை மட்டும்.
“மறுபடி எழுத உடுவாங்களா?”
“விடுவாங்க.”
“பணம் கட்டணுமா?”
“கொஞ்சம்.”
“சரி, சாப்ட்டியா?”

திரும்பியபோது பூட்டிய அறை வாசலில்
ஈரக்குடையோடு உட்கார்ந்திருந்தாள் விஜிலா.
“சொல்லாம எங்க போன? எனக்கு ஒரே வெப்ராளம்.”
அந்தச் சொல் எனக்குத் தெரியாது.
அவள் முகத்தில் பார்த்துக்கொண்டேன்.
பைக்குள் துழாவ முதலில் மணல் வந்தது.
“இந்தா, தாக்கோல்” என்றேன்.
அவள் எதையும் கவனிக்காமல் வாங்கித் திறந்தாள்.

அன்று ராத்திரியும் ஃபேன் ஓடியது,
புழுக்கத்துக்காக.